மேசியாவின் பகைவர் எங்கே இருக்கிறார்? வடசென்னை ஆன்மிகப் போர்ச் சொல்லாடலில் உட்பகையும் புறப்பகையும்

(கருத்துரை)

ஆய்வுச் சுருக்கம்

மேசியாவை எதிர்க்கும் ஆற்றல்களோடு நம்பிக்கையாளர் நிகழ்த்தும் போராட்டத்தைக் கிறித்தவம் ஆன்மிகப் போர் எனக் கொள்கிறது. இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகியவற்றை உள்ளடக்கிய வடசென்னையில் இச்சொல்லாடல் இன்றும் உயிர்ப்போடு வழங்குகிறது. மேசியாவின் எதிராளியைப் புதிய ஏற்பாட்டின் முதன்மையான பகுதிகள் சமூகத்தின் உள்ளேயே காண்கின்றன. அவ்வெதிராளியை அடுத்த வீட்டில் தேடும்போது மூலப்பொருள் திரிகிறது. இக்கருத்தை விவிலியத் தமிழின் சில சொற்களைக் கொண்டு இக்கட்டுரை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: ஆன்மிகப் போர், மேசியா, அந்திக்கிறிஸ்து, சாத்தான், அலகை, துரைத்தனம், உட்பகை, வடசென்னை.

1. முன்னுரை

காசிமேட்டிலிருந்து எண்ணூர் நோக்கிக் கடலோரமாகச் செல்வோர் தேவாலயங்களையும் அம்மன் கோயில்களையும் தர்காக்களையும் தொழிற்சங்கக் கொடிக்கம்பங்களையும் ஒரே தெருவரிசையில் காண்பர். இவற்றுக்கிடையே, வாடகை வீட்டின் மாடியிலோ கூரைக் கொட்டகையிலோ இயங்கும் சிறு செப வீடுகளும் உள்ளன. அங்கு நடைபெறும் உபவாச செபங்களிலும் முழு இரவுச் செபங்களிலும் திரும்பத் திரும்ப ஒலிக்கும் சொற்கள் போர்க்களச் சொற்களாகவே இருக்கின்றன. எதிரி, சேனை, அரண், கட்டு, விடுதலை, வெற்றி என அவை விரியும். நோய், கடன், குடி, வேலையின்மை, குழந்தையின்மை ஆகிய அனைத்தும் இச்சொற்களின் வழியே பொருள் பெறுகின்றன.

இச்சொல்லாடலைத் தமிழாய்வுலகம் பெரும்பாலும் இருவகையில் கடந்துசென்றுள்ளது. ஒன்று, இதனை மூடநம்பிக்கை எனக் கூறி ஒதுக்குவது. மற்றொன்று, இது இறையியலார்க்குரிய பொருள் எனக் கருதி அவர்களிடம் விட்டுவிடுவது. இரண்டுமே இதனைத் தமிழ் வழக்காகக் காணத் தவறுகின்றன. ஆவிகள் உண்டா இல்லையா என்பது இக்கட்டுரையின் வினா அன்று. மேசியாவுக்குப் பகைவராக எவரை இச்சொற்கள் சுட்டுகின்றன, அச்சுட்டு மூலநூலோடு எவ்வளவு பொருந்துகிறது என்பனவே இங்கு எழுப்பப்படும் வினாக்கள். பல சமயத்தார் சுவர் பகிர்ந்து வாழும் ஒரு நிலப்பகுதியில் இவ்வினாக்களின் விடை வாழ்க்கையையும் தொடுகிறது.

2. இராயபுரம் என்னும் பெயரும் ஒரு கண்டிப்பும்

தமிழகத்திற்கு வந்த தொடக்ககாலக் கத்தோலிக்கத் தொண்டர்கள் திருத்தூதர்களின் பெயர்களை ஒலிபெயர்க்காமல் பொருள்பெயர்த்தனர். பவுல் சின்னப்பர் ஆனார். யோவான் அருளப்பர் ஆனார். பாறை எனப் பொருள்படும் பெயருடைய பேதுரு இராயப்பர் ஆனார். கல்லைக் குறிக்கும் 'ராயி' என்னும் தெலுங்குச் சொல்லோடு இப்பெயரைத் தொடர்புபடுத்தி விளக்குவர். இராயப்பரின் பெயரால் அமைந்தது இராயபுரம் என்பதும் பரவலாக ஏற்கப்படும் விளக்கமாகும். துறைமுகம் அமைவதற்கு முன்னர், நங்கூரமிட்ட கப்பல்களுக்கும் கரைக்கும் இடையே அலைகளைக் கடந்து மசூலாப் படகுகளைச் செலுத்திய படகோட்டிச் சமூகத்தார் இங்குக் குடியமர்ந்தனர். அவர்கள் எழுப்பிய புனித இராயப்பர் தேவாலயம் இப்பகுதியின் அடையாளமாக நிற்கிறது. கடலில் தொழில் செய்தவர்கள் மீனவரான திருத்தூதரைத் தம் காவலராகக் கொண்டது இயல்பே.

ஆயின் இப்பெயர் தன்னுள் மற்றொரு நிகழ்வையும் தாங்கியுள்ளது. மத்தேயு நற்செய்தியின் 16ஆம் அதிகாரத்தில் இயேசுவை மேசியா என முதலில் அறிக்கையிடுபவர் பேதுரு. அதன் பொருட்டே 18ஆம் வசனத்தில் அவர் பாறை எனப் பெயர் பெறுகிறார். மேசியா துன்புற்றுக் கொல்லப்படுவார் என்ற செய்தியை அவர் ஏற்க மறுத்து ஆசிரியரைத் தனியே அழைத்துக் கடிந்துகொள்கிறார். உடனே, 23ஆம் வசனத்தில், அவரே சாத்தான் என அழைக்கப்படுகிறார். ஐந்து வசன இடைவெளியில் அடித்தளக் கல் இடறுகல்லாகிவிடுகிறது. மேசியாவுக்கு எதிரான குரல் பகைவர் கூட்டத்திலிருந்து எழவில்லை. அவரை மேசியா எனக் கண்டுகொண்ட முதல் வாயிலிருந்தே எழுந்தது. அவ்வெதிர்ப்பும் வெறுப்பிலிருந்து பிறந்ததன்று. துன்பமில்லாத, தோல்வியில்லாத மேசியாவை விரும்பிய அன்பிலிருந்து பிறந்தது.

இவ்விடத்தில் மொழிபெயர்ப்புச் சொல் ஒன்று கூர்ந்து நோக்கத்தக்கது. பவர் தலைமையிலான குழுவினரின் உழைப்பால் 1871இல் முழுமை பெற்ற தமிழ் விவிலியத்தில், பாலைநிலச் சோதனையின்போது (மத்தேயு 4:10) சாத்தானிடம் கூறப்படும் சொல் 'அப்பாலே' என்பது. பேதுருவிடம் கூறப்படும் சொல் 'பின்னாக' என்பது. முதலாவது விலக்கும் சொல். இரண்டாவது இடம் குறிக்கும் சொல். கிரேக்கத்தில் இவ்விரண்டாம் சொல், மீனவர்களைத் தம் பின்னே வருமாறு இயேசு அழைத்தபோது (4:19) பயன்படுத்திய அதே சொல்லாகும். அடுத்த வசனத்தில் (16:24) சீடத்துவத்தைக் குறிப்பதும் அதுவே. எனவே பேதுரு துரத்தப்படவில்லை. முன்னே வந்து வழிமறித்தவர், சீடர்க்குரிய பின்னிடத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டார். லூக்கா கூறும் பாலைநில நிகழ்விலும் பிற்காலக் கையெழுத்துப்படிகள் சில 'பின்னாக' என்னும் பாடத்தைத் தருகின்றன. பழைய தமிழ் மொழிபெயர்ப்பும் அப்பாடத்தையே கொண்டுள்ளது. ஆயினும் பழைய தமிழ் மத்தேயுவின் எல்லைக்குள் இவ்வேறுபாடு தெளிவாகவே உள்ளது.

'அப்பாலே போ' என்னும் தொடர் கிறித்தவரல்லாதாரின் பேச்சிலும் நகைச்சுவையிலும்கூட மரபுத்தொடர்போல் நிலைபெற்றுவிட்டது. 'பின்னாகப் போ' என்பதோ அவ்வாறு பரவவில்லை. விலக்கும் சொல் மக்கள் வழக்கில் வென்றது. திருத்தி இடமளிக்கும் சொல் ஏட்டிலேயே தங்கியது. இராயப்பரின் பெயரைத் தாங்கிய ஊரில் அவரைத் திருத்திய சொல் நினைவிலில்லை என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

3. சாத்தான், பேய், அலகை: சொற்கள் கடந்துவந்த வழி

எபிரேயத்தில் சாத்தான் என்பது தொடக்கத்தில் இயற்பெயரன்று. எதிர்நிற்பவர், வழக்கில் குற்றம் சாட்டுபவர் எனப் பொருள்படும் பொதுப்பெயர். எண்ணாகமம் 22ஆம் அதிகாரத்தில் பிலேயாமின் வழியை மறித்து நிற்கும் இறைத்தூதரையே அச்சொல் குறிக்கிறது. யோபு நூலில் சாத்தான் இறைவனின் அவையில் தோன்றி வழக்காடுகிறான். அவன் அண்டப் பகைவனாக வளர்ந்தது பிற்கால யூத மரபில். அவ்வளர்ச்சியில் பாரசீகத்தின் நன்மை தீமை இருமைக் கோட்பாட்டிற்குப் பங்குண்டா என்பது அறிஞர் விவாதத்திற்குரியது. அக்கோட்பாட்டோடு தொடர்புடைய சரத்துஸ்திர சமயத்தின் நெருப்புக் கோயிலொன்று 1910 முதல் இராயபுரத்திலேயே உள்ளது என்பது இங்கு நினைக்கத்தக்கது.

தமிழில் ஒலிபெயர்ந்த சாத்தான், தமிழரின் பழைய இயற்பெயராகிய சாத்தனோடு ஒலியால் நெருங்கியது. தொல்காப்பிய உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுத் தேவைப்படும் போதெல்லாம் கையாண்ட பெயர் சாத்தன். மணிமேகலை ஆசிரியர் சாத்தனார். ஐயனாரையும் சாத்தன் என்பர். இவ்விரு சொற்களுக்கும் பிறப்புத் தொடர்பு இல்லை. ஆயினும் ஊர்க்காவல் தெய்வத்தின் பெயரும் பகைவனின் பெயரும் ஒரே செவியில் அடுத்தடுத்து விழுந்தன.

பேய் என்னும் சொல்லின் நிலை இன்னும் சிக்கலானது. தமிழ் மரபில் பேய் அச்சத்திற்குரியதுதான். ஆயினும் முற்றிலும் பகைக்குரியதன்று. காரைக்காலம்மையார் பேயுருவை வேண்டிப் பெற்றுத் தம்மைப் பேய் என்றே அழைத்துக்கொண்டார். மயிலாப்பூரில் பிறந்தவராகக் கருதப்படும் ஆழ்வாருக்குப் பெயரே பேயாழ்வார். கலிங்கத்துப்பரணியின் பேய்கள் கூழட்டு உண்டு நகைப்பூட்டுகின்றன. பக்தி, பசி, நகை ஆகிய அனைத்தையும் தாங்கிய இச்சொல், விவிலிய மொழிபெயர்ப்பில் தீமை என்ற ஒற்றைப் பொருளுக்குள் சுருங்கியது.

1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு அலகை என்னும் சொல்லைத் தேர்ந்தது. இது நிகண்டுகளில் பேயைக் குறிக்கும் சொல். திருக்குறளில் 850ஆம் குறளில் இடம்பெறுகிறது. அங்கு அலகை எனச் சுட்டப்படுபவர் வேற்றுலக ஆவியல்லர். உலகம் உண்டென்பதை இல்லையென மறுக்கும் மனிதர். புல்லறிவாண்மை அதிகாரத்தின் நிறைவில் வரும் இச்சொல் அறிவின் பிழையைச் சுட்டுகிறது. மொழிபெயர்ப்பாளர்கள் இதனை எண்ணித் தேர்ந்தனரோ இல்லையோ, இச்சொல் தன் பழைய பொருளையும் உடன் கொண்டுவந்தது. அலகை முதலில் கருத்தில் குடியிருக்கிறது.

4. அந்திக்கிறிஸ்து: உள்ளிருந்து எழும் எதிர்ப்பு

மேசியா எதிர்ப்பின் உச்சப் பெயர் அந்திக்கிறிஸ்து. இறுதிக்காலக் கொடுங்கோலன் ஒருவனையே இச்சொல் பலர்க்கும் நினைவூட்டுகிறது. வெளிப்படுத்தின விசேஷத்தின் மிருகமும், தெசலோனிக்கேயருக்கு எழுதப்பட்ட இரண்டாம் நிருபத்தின் பாவமனிதனும் இவ்வுருவத்தோடு கலந்துவிட்டனர். ஆனால் இச்சொல் வெளிப்படுத்தின விசேஷத்தில் ஓரிடத்தும் இல்லை. யோவானின் முதலிரு நிருபங்களில் மட்டுமே அது வருகிறது. அங்கு அது பன்மையிலும் வழங்குகிறது. ஏற்கெனவே பலர் தோன்றிவிட்டனர் என்கிறது நிருபம். அவர்கள் எங்கிருந்து தோன்றினர் என்பதற்கும் விடை தருகிறது: அவர்கள் நம்மிடமிருந்தே புறப்பட்டவர்கள். வேற்றுச் சமயத்தாரையோ வேற்று நாட்டாரையோ அது சுட்டவில்லை.

'அந்தி' என்னும் முன்னொட்டு கிரேக்க 'ஆன்டி' என்பதன் ஒலிபெயர்ப்பு. தமிழ்ச் செவிக்கு அது மாலைப்பொழுதாகவும் கேட்கிறது. கடைசிக்காலம் பற்றிப் பேசும் வசனத்திலேயே இச்சொல் இடம்பெறுவதால், அந்திக்காலத்தில் வருபவன் என்ற மக்கள் சொற்பிறப்பு இயல்பாகப் பொருந்திவிடுகிறது. இதனால் எதிர்ப்பு என்னும் பொருள் பின்னே சென்று, காலம் என்னும் பொருள் முன்னே வந்தது. பொது மொழிபெயர்ப்பு எதிர்க்கிறிஸ்து என மாற்றியமைத்து முதற்பொருளை மீட்டது. ஆயினும் அக்கிரேக்க முன்னொட்டுக்கு 'ஒருவரின் இடத்தில் நிற்றல்' என்னும் பொருளும் உண்டு. கிறிஸ்துவை வெளியிலிருந்து தாக்குபவர் என்பதோடு, அவரிடத்தில் தன்னை நிறுத்திக்கொள்பவர் என்ற பொருளும் அதனுள் அடங்கும். இப்பொருள் எந்தத் தமிழ் வடிவத்திலும் முழுமையாக இறங்கவில்லை.

வள்ளுவர் பகைமாட்சி, பகைத்திறந்தெரிதல் ஆகிய அதிகாரங்களை அடுத்து உட்பகைக்கெனத் தனி அதிகாரம் வகுத்தார். புறப்பகையை அறிவது எளிது; உட்பகையை அறிவதற்குத் தனியறிவு வேண்டும் என்னும் உணர்வு அவ்வைப்புமுறையில் தெரிகிறது. யோவான் நிருபத்தின் அந்திக்கிறிஸ்துவுக்கு நெருக்கமான தமிழ்ச் சொல் தேடினால் உட்பகை என்பதே பொருந்தும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

வரலாற்றில் இச்சொல் உட்பகையாகவே நின்றுவிடவில்லை. 1520இல் மார்ட்டின் லூதர் திருத்தந்தையின் ஆணையை அந்திக்கிறிஸ்துவின் ஆணை எனச் சாடினார். அப்பிளவு தமிழ்நிலத்திலும் எதிரொலித்தது. 18ஆம் நூற்றாண்டில் தரங்கம்பாடி லுத்தரன்களை மறுத்து வீரமாமுனிவர் வேதவிளக்கம், பேதகமறுத்தல் முதலிய உரைநடை நூல்களை இயற்றினார். தமிழ் உரைநடை வளர்ச்சிக்கு அச்சமயப் பூசல் உதவியது என்பது இலக்கிய வரலாறு. எதிராளி என்னும் பெயர் எப்போதும் அடுத்தவர் மீதே ஒட்டப்பட்டது என்பது அதன் மறுபக்கம்.

5. கட்டும் எல்லையும்

செப வீடுகளில் மிகுதியாக வழங்கும் சொல் கட்டு. ஆவியைக் கட்டுதல், கட்டுகளை அறுத்தல் என அது இருவழியும் இயங்கும். இராயப்பர் நிகழ்வில்தான், 16:19இல், கட்டும் அதிகாரமும் அவிழ்க்கும் அதிகாரமும் அளிக்கப்படுகின்றன. யூத வழக்கில் அவை ஒன்றைத் தடைசெய்தலையும் அனுமதித்தலையும் குறிக்கும் சட்டச் சொற்கள். தமிழிலோ கட்டு என்பதற்கு மாந்திரீக வழக்கில் நெடிய வாழ்வுண்டு. வாய்க்கட்டு, திசைக்கட்டு, எல்லைக்கட்டு, செய்வினைக்கட்டு என்பன நாட்டார் அறிந்த சொற்கள். விவிலியச் சொல் இப்பின்னணியில் விழுந்தபோது, சட்டப்பொருள் மறைந்து மந்திரப்பொருள் மேலெழுந்தது.

எல்லைக்கும் இதே நிலைதான். தமிழ்ச் சிற்றூரில் எல்லை காப்பவள் அம்மன். 1990களில் அமெரிக்க எழுத்தாளர் பீட்டர் வாக்னர் முதலியோர் பரப்பிய நிலப்பகுதி ஆவிகள் பற்றிய கோட்பாடு, ஒவ்வோர் ஊரையும் நகரையும் ஒரு தீய ஆவி ஆள்கிறது என்றது. இது தமிழகத்திற்கு வந்தபோது வெற்றிடத்தில் விழவில்லை. எல்லைத் தெய்வம் என்னும் பழைய கருத்தைத் தலைகீழாக்கி அதன் மீது அமர்ந்தது. காவல் தெய்வம் ஆக்கிரமிப்பு ஆவியாயிற்று. அண்டை வீட்டார் வணங்கும் தெய்வம் மேசியாவின் பகைவராயிற்று.

எதிர்ப்பாற்றலைத் தமிழ்ச் சமய மரபு வேறுவழியிலும் கையாண்டுள்ளது. திருவொற்றியூர்த் தியாகராசர் கோயிலில் வட்டப்பாறை அம்மன் சன்னிதி உள்ளது. அவளது உக்கிரத்தை ஆதிசங்கரர் தணித்தார் என்பது தலமரபு. தணிக்கப்பட்ட அவள் துரத்தப்படவில்லை, கோயிலுக்குள்ளேயே இடம்பெற்றாள். கந்தபுராணத்தில் வீழ்ந்த சூரபதுமன் மயிலாகவும் சேவலாகவும் மாறி, வென்றவரின் ஊர்தியும் கொடியும் ஆகிறான். இவையும் வெற்றிக் கதைகளே. வென்றவரே இவற்றிலும் மேலே நிற்கிறார். எனவே இவற்றை இணக்கத்தின் முன்மாதிரியாக மிகைப்படுத்த வேண்டியதில்லை. ஆயினும் எதிராளிக்கு ஓர் இடம் ஒதுக்கும் இவ்வமைப்பு, இராயப்பருக்குக் கூறப்பட்ட 'பின்னாக' என்னும் சொல்லுக்கு எட்டாத தொலைவிலில்லை.

அரண் என்னும் சொல்லையும் நோக்கலாம். கொரிந்தியருக்கு எழுதப்பட்ட இரண்டாம் நிருபத்தின் 10ஆம் அதிகாரம் தகர்க்கச் சொல்லும் அரண்களைத் தர்க்கங்கள் எனவும் மேட்டிமை எனவும் உடனே விளக்கிவிடுகிறது. அவை கட்டடங்களல்ல, எண்ணங்கள்.

6. பிரிக்கும் சொல்லும் ஒட்டும் சொல்லும்

இதுவரை கூறியவற்றால் ஆன்மிகப் போர்ச் சொல்லாடல் முழுவதும் தீங்கானது எனக் கொள்ளுதல் பிழையாகும். சென்னைப் புராட்டஸ்டன்ட் கிறித்தவரிடையே கள ஆய்வு செய்த மானிடவியலாளர் லயோனல் கேப்லான், 1980களில் வெளியிட்ட ஆய்வுகளில் இதனை வர்க்கத்தோடு இணைத்துக் கண்டார். பெருந்திருச்சபைகளின் படித்த தலைமை பேய், செய்வினை ஆகியவற்றை அறியாமை என ஒதுக்கியது. எளியோரின் துன்பத்திற்கு அவ்வொதுக்கலில் விடையில்லை. அவர்தம் அச்சத்தை அச்சமாகவே ஏற்று, அதற்கு மாற்றுத் தந்த குழுக்கள் வளர்ந்தன. சென்னைக் குடிசைப் பகுதியொன்றில் பெந்தெகோஸ்தே பெண்களிடையே ஆய்வு செய்த நதானியல் ராபர்ட்ஸ் தமது 2016ஆம் ஆண்டு நூலில், அங்குச் சமயமாற்றம் குடியிருப்பைப் பிளக்கவில்லை எனக் காட்டினார். மேடையிலிருந்து பார்ப்போர் காணும் போர்க்களமும் குழாயடியில் நிற்போர் காணும் அண்டையுறவும் ஒன்றல்ல.

குடித்துவிட்டு அடிக்கும் கணவனைப் பற்றி ஒரு பெண், இது அவர் செய்வதன்று, அவருள் இருக்கும் குடியின் ஆவி செய்வது எனச் செபிக்கும்போது, அச்சொல் தீமையையும் மனிதரையும் பிரிக்கிறது. தீமையோடு போரிட்டுக்கொண்டே மனிதரை வெறுக்காதிருக்க அது வழி தருகிறது. அடிக்குப் பொறுப்பேற்க வேண்டியவரை அது தப்பவிடவும் கூடும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அதன் இயக்கம் பிரித்தலே. மறுபுறம், இன்னார் அந்திக்கிறிஸ்துவின் ஆள், இன்ன தெரு எதிரியின் கோட்டை என்னும்போது, சொல் தீமையையும் மனிதரையும் ஒட்டிவிடுகிறது. ஒட்டியபின் போர் மனிதரோடு நிகழ்வதாகிறது. மாம்சத்தோடும் இரத்தத்தோடும் அன்று இப்போராட்டம் என்னும் எபேசியர் 6:12இன் வரம்பு அங்கே மீறப்படுகிறது.

ஆகவே அளவுகோல் ஒன்றை முன்வைக்கலாம். ஒரு செபச்சொல் மனிதரைப் பகைமையிலிருந்து விடுவிக்கிறதா, அல்லது மனிதரைப் பகைவராக்குகிறதா என்பதே அது. இவ்வளவுகோல் கிறித்தவ மரபுக்கு வெளியிலிருந்து திணிக்கப்படுவதன்று. நற்செய்தி இயக்கத்தாரின் 1974ஆம் ஆண்டு லொசான் உடன்படிக்கை, ஆன்மிகப் போராட்டம் பற்றிய தன் 12ஆம் பகுதியில், பகைவனின் செயலைத் திருச்சபைக்கு வெளியே மட்டுமன்றி அதன் உள்ளேயும் காண வேண்டும் என அறிக்கையிட்டுள்ளது.

7. துரைத்தனங்களும் எண்ணூரும்

எபேசியர் 6:12இல் போராட்டத்திற்குரியனவாகச் சுட்டப்படுவனவற்றுள் முதலாவதைப் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு துரைத்தனங்கள் என்கிறது. 19ஆம் நூற்றாண்டுத் தமிழில் துரைத்தனம் என்பது அரசாங்கத்தைக் குறிக்கும் அன்றாடச் சொல். துரைத்தனத்தார் என்றால் ஆங்கில அரசினர். மொழிபெயர்ப்பாளர்கள் அரசியல் பேச விரும்பினர் எனக் கொள்ளச் சான்றில்லை; தலைமை, ஆட்சி எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லுக்குக் கைக்கெட்டிய தமிழ்ச் சொல்லை எடுத்தனர். விளைவு என்னவோ வியப்புக்குரியது. காலனியாட்சியின் கீழ் வாழ்ந்த தமிழ்க் கிறித்தவர், தம் போராட்டம் துரைத்தனங்களோடு எனப் பல தலைமுறைகள் வாசித்து வந்தனர். பொது மொழிபெயர்ப்பு ஆட்சியைக் குறிக்கும் எளிய தமிழுக்கு மாறிவிட்டதால் இன்றைய வாசகர் பலர்க்கு இவ்வரலாறு தெரிவதில்லை.

அவ்வசனத்தின் போராட்டம் என்னும் சொல்லும் மூலத்தில் மற்போரைக் குறிப்பது. சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918இல் பெரம்பூரில் பிறந்தது. 1923 மே முதல் நாளில் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே நாளைக் கொண்டாடினார். அதன் பின் வடசென்னையில் போராட்டம் என்றால் வேலைநிறுத்தமும் மறியலும்தான் முதலில் நினைவுக்கு வரும். ஒரே சொல் செப வீட்டிலும் ஆலை வாயிலிலும் வழங்குகிறது. இரண்டையும் அறிந்தவர்கள் ஒரே குடும்பத்தில் வாழ்கின்றனர்.

அமெரிக்க இறையியலாளர் வால்டர் விங்க் 1984 முதல் 1992 வரை வெளியிட்ட மூன்று நூல்களில், விவிலியம் கூறும் அதிகாரங்களை நிறுவனங்களின் உள்ளியல்பாக விளக்கினார். இவ்விளக்கத்தை முழுதாக ஏற்பது கடினம்; எபேசியர் நிருபம் அவ்வாற்றல்களை வானமண்டலங்களிலும் வைக்கிறது. எல்லாவற்றையும் சமூகவியலாகக் கரைத்துவிட்டால், இரவில் அஞ்சி எழும் எளியவரின் அனுபவம் மீண்டும் ஒருமுறை புறக்கணிக்கப்படும். ஆயினும் எண்ணூரில் நின்று இவ்வசனத்தை வாசிப்போர் விங்கின் வினாவைத் தவிர்க்க இயலாது.

கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்துள்ளது. 2017 சனவரி 28இல் எண்ணூர் காமராசர் துறைமுகத்தருகே இரு கப்பல்கள் மோதிக் கசிந்த எண்ணெயை, மீனவரும் தன்னார்வலரும் வாளிகளால் அள்ளினர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய் கழிமுகத்தில் பரவிப் படகுகளிலும் வலைகளிலும் ஒட்டியது. அதே மாதம் 26ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, உரத் தொழிற்சாலையொன்றின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பத்தாரும் சுற்றியுள்ள குப்பங்களில் இருந்தோரும் மூச்சுத் திணறி இருளில் ஓடினர். அந்தக் காற்று எவரது சமயத்தையும் கேட்கவில்லை. அதன்பின் பந்தலில் அமர்ந்து போராடியோரும் ஊராராகவே அமர்ந்தனர்.

இத்தகைய ஊரைப் பற்றிச் செபிக்கும்போது, அதன் துன்பத்திற்குக் காரணம் அடுத்த தெருக் கோயிலின் தெய்வம் எனக் கூறப்பட்டால், இரு பிழைகள் ஒருங்கே நிகழும். உடன் ஓடியவர் பகைவராவார்; துரைத்தனங்கள் பார்வையிலிருந்து தப்பும்.

யோவான் நிருபங்கள் அந்திக்கிறிஸ்துவை அறிய ஓர் அடையாளத்தை வலியுறுத்துகின்றன. மேசியா மாம்சத்தில் வந்தார் என்பதை மறுத்தலே அது. எபேசியர் நிருபம் மாம்சம் பகையன்று என்கிறது. யோவான் நிருபம் மாம்சமே மேசியா வந்த இடம் என்கிறது. இவ்விரண்டையும் சேர்த்து வாசித்தால், மூச்சு முட்டும் உடலையும் எண்ணெய் படிந்த கையையும் பொருட்படுத்தாத ஆன்மிகப் போர் எத்தகையது என்ற வினா எழும். யோவானின் அளவையால் அது தான் எதிர்க்க எண்ணிய பக்கத்திலேயே போய் நிற்கிறது.

8. தமிழாய்வுக்கு முன்னுள்ள பணிகள்

கிறித்தவத் தமிழிலக்கியம் என்றதும் தேம்பாவணியும் இரட்சணிய யாத்திரிகமும் பாடத்திட்டங்களில் முன்நிற்கின்றன. எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை பனியனின் ஆங்கிலக் கதையைத் தழுவி 1894இல் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகம் ஆன்மிகப் போரைத் தமிழ்க் காப்பிய மரபுக்குள் கொணர்ந்தது. அங்கும் போர் பயணியின் ஆன்மாவைப் பற்றியதே. அயலாரின் வீட்டைப் பற்றியதன்று. இவ்வேறுபாட்டை நம் வகுப்பறைகள் பேசியதுண்டா என்பது ஐயமே.

மூன்று பணிகள் உடனடியாகத் தேவை. முதலாவது, 1715இல் தரங்கம்பாடியில் அச்சான சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு தொடங்கி இன்றுவரையிலான மொழிபெயர்ப்புகளில் பேய், பிசாசு, சாத்தான், அலகை, துரைத்தனம் முதலிய சொற்களின் வரலாற்றைத் தொகுத்தல். இரண்டாவது, வடசென்னைச் செப வீடுகளின் வாய்மொழிச் செபங்களை, செபிப்போரின் இசைவோடும் அவர்தம் மதிப்புக்குக் குறைவின்றியும் பதிவுசெய்தல். இவை எழுதப்படாதவை, செபிப்பவர் மறைந்தால் மறைபவை. பேச்சுத் தமிழும் விவிலியத் தமிழும் ஒரே மூச்சில் கலக்கும் இந்நடைக்கு இலக்கணம் எவரும் எழுதவில்லை. மூன்றாவது, இதே தெருக்களில் நிகழும் அம்மன் கோயில் குறி சொல்லுதலையும் தர்காவின் ஓதிப்பார்த்தலையும் இவற்றோடு ஒப்பிடுதல். சமயத்துறைவாரியாகப் பிரித்து ஆராயும் பழக்கத்தால் இவ்வொப்பீடு இதுவரை போதிய கவனம் பெறவில்லை.

9. நிறைவுரை

மேசியாவின் பகைவர் எங்கே இருக்கிறார் என்னும் வினாவுக்குப் புதிய ஏற்பாட்டின் விடை, அவர் தொலைவில் இல்லை என்பதே. பாறை எனப் பெயர் பெற்றவரே வழிமறித்தார். நம்மிடமிருந்து புறப்பட்டவர்களே எதிராளிகளாயினர். தமிழ் வழக்கு இப்பொருளின் ஒரு பாதியையே ஏற்றது. 'அப்பாலே' என்பதைக் கற்றுக்கொண்டு 'பின்னாக' என்பதை விட்டுவிட்டது. உட்பகையைப் புறப்பகையாக்கும் இத்திரிபு, சமயக் காழ்ப்பு எளிதில் மூட்டப்படும் இக்காலத்தில் சிறு செப வீட்டாரையும் அவர்தம் அண்டை வீட்டாரையும் ஒருசேர வருத்தும்.

சொற்களைக் காப்பது தமிழ்த்துறைகளின் கடமை என்போம். இராயபுரம் என்னும் பெயரை நாள்தோறும் உச்சரிப்போர்க்கு அப்பெயருக்குரியவர் கேட்ட கண்டிப்பையும் நினைவூட்டுவது அக்கடமையில் அடங்கும். அவர் விரட்டப்படவில்லை. வழியை விட்டு விலகிப் பின்னே வருமாறு சொல்லப்பட்டார்; அவரும் பின்சென்றார்.